கையெழுத்து ஆகிவிட்டது, பிள்ளை எப்போது வரும்?

வாசகர் கேள்வி – பதில்

(இந்த இதழில் பதில் சொல்பவர் வட அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் அரசறிவியல் பேராசிரியராக இருந்தவர். அந்தக் காலத்தில் பாதியை மாணவர் பரிமாற்றம், கூட்டுப் பட்டம் என்று வெளிநாட்டுத் திட்டங்களைக் கட்டுவதிலேயே செலவழித்தவர். ஓய்வுபெற்று இப்போது யாழ்ப்பாணத்தில், கொக்குவிலில் இருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்றார். 'மடம்' என்று எழுதியவர்கள், 'அன்ரி' என்று எழுதியவர்கள் எல்லோருடைய கேள்வியும் உள்ளே இருக்கிறது.)

மடம், அரசறிவியல் படித்தவர்கள் தேர்தல், யாப்பு, கட்சி என்றுதானே பேசுவார்கள். நீங்கள் எப்படிப் பிள்ளைகளை நாடு நாடாக அனுப்புகிற வேலைக்குப் போனீர்கள்?
– உயர்தர மாணவி, சுன்னாகம்

நான் போகவில்லை தங்கச்சி, தள்ளிவிட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம், பனியில் பஸ் நின்றுவிட்டதால் துறைக் கூட்டத்துக்கு முக்கால் மணித்தியாலம் பிந்திப் போனேன். கதிரையை இழுத்து இருப்பதற்கு முன்னமே வெளிநாட்டுத் தொடர்புக் குழுவுக்கு என் பெயரை எழுதி முடித்திருந்தார்கள். வெளிநாட்டுக்காரிதானே, அவளே பார்க்கட்டும் என்ற கணக்கு. முதலில் எனக்குச் சரியான கோபம். ஆறு மாதம் போன பிறகுதான் இது நான் படித்த படிப்பேதான் என்று விளங்கியது. ஒரு திட்டம் நடக்க யார் ஓம் சொல்ல வேண்டும், யார் வாயே திறக்காமல் ஃபைலை மேசையில் வைத்திருந்து நிறுத்திவிடுவார், யாருக்கு எதை விட்டுக்கொடுத்தால் இறங்கி வருவார், இதெல்லாம் அரசறிவியல் இல்லாமல் வேறென்ன? தேர்தல் அதில் ஒரு அத்தியாயம், அவ்வளவுதான்.

எனக்கு முன்னாலும் ஆட்கள் இருந்தார்கள். நியூயோர்க் சிற்றிக் கல்லூரியில் அரசறிவியல் படிப்பித்த ஸ்டீபன் டகன், முதலாம் உலகப் போர் முடிந்த கையோடு 1919ல் சர்வதேசக் கல்வி நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். அதன் முதல் தலைவரும் அவர்தான். 1921ல் அமெரிக்கா, ஒரு நாட்டிலிருந்து இத்தனை பேர்தான் குடியேறலாம் என்று கோட்டா வைத்தபோது, படிக்க வருகிற பிள்ளைகளையும் அதே கணக்கில் அடக்கும் நிலை வந்தது. டகன் அரசாங்கத்தோடு கதைத்து மாணவருக்கென்று தனி விசா வகையை எடுத்துக் கொடுத்தார். இங்கே ரியூட்டரி மதிலெல்லாம் 'ஸ்ருடன்ற் விசா' என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறதே, அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு அரசறிவியல் வாத்தியார் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1933க்குப் பிறகு ஹிட்லர் துரத்திய பேராசிரியர்களுக்கு அமெரிக்காவில் இடம் தேடிக் கொடுத்த குழுவிலும் அவர் முன்னுக்கு நின்றார். அந்தக் குழுவால் உதவி பெற்றவர்கள் 300க்கும் மேல்.

இன்னொருவர் ஸ்டீவன் முல்லர். ஹம்பேர்க்கில் பிறந்து, 1939ல் சின்னப் பையனாகக் குடும்பத்தோடு ஜேர்மனியை விட்டுத் தப்பி, பிறகு அரசறிவியலில் கலாநிதிப் பட்டம் எடுத்து ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் தலைவரானவர். அவர் காலத்தில் அந்தப் பல்கலைக்கழகமும் சீனாவின் நான்ஜிங் பல்கலைக்கழகமும் சேர்ந்து 1986ல் ஒரு கற்கை நிலையம் திறந்தன. அதன் ஒழுங்கை நான் எத்தனை கூட்டத்தில் எடுத்துச் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. சீன மாணவர் ஆங்கிலத்தில் படிக்க வேண்டும், வெளிநாட்டு மாணவர் சீன மொழியில் படிக்க வேண்டும். விடுதி அறையில் ஒரு சீனர், ஒரு வெளிநாட்டவர். நூலகத்துக்குத் தணிக்கை இல்லை. இரண்டு பக்கமும் ஒரே அளவு கஷ்டப்பட வேண்டும் என்ற அந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும்.

இதையெல்லாம் புதுசு போலச் சொல்கிறார்கள். எங்கள் ஊரில் 1823லேயே அமெரிக்கர் வந்து பல்கலைக்கழகத் தரத்தில் படிப்பித்தார்களே?
– ஓய்வுபெற்ற அதிபர், வட்டுக்கோட்டை

படிப்பித்தார்கள் ஐயா. நீங்கள் பெருமைப்படுவதில் பிழையே இல்லை. 1823ல் அமெரிக்க மிஷன் வட்டுக்கோட்டையில் தொடங்கிய பட்டிக்கோட்டா செமினரியின் முதல் அதிபர் டானியல் பூவர், டார்ட்மத் கல்லூரியில் படித்துவிட்டு வந்தவர். அந்தச் செமினரியில் படித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும்தான் 1857ல் உருவான சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள். ஆனால் அவர்கள் பட்டம் வாங்கும்போது செமினரி இல்லை, 1855ல் மூடிவிட்டார்கள். பொஸ்டனிலிருந்து வந்த மிஷன் குழு, ஆங்கிலம் படித்த பிள்ளைகள் மிஷன் வேலைக்கு வராமல் அரசாங்க உத்தியோகத்துக்குப் போகிறார்கள், இதற்கு ஏன் காசு செலவழிப்பான் என்று நினைத்தது. இங்குள்ளவர்கள் தொடர்ந்து கேட்டுக் கேட்டுத்தான் 1872ல் யாழ்ப்பாணக் கல்லூரி வந்தது. அதாவது, கல்லூரி வட்டுக்கோட்டையில், திறப்புக் கோர்வை பொஸ்டனில். இந்தக் கதையை நான் ஒவ்வொரு பேச்சுவார்த்தைக்கும் மடியில் கட்டிக்கொண்டு போவேன்: திட்டத்தை யாருடைய காசு நடத்துகிறது, அவர்கள் எழும்பிப் போனால் மிஞ்சுவது என்ன?

மறுபக்கத்துக்கு ஒரு ஆள் சொல்லவா? கரம்பொனில் 1913ல் பிறந்த தனிநாயகம் அடிகள். அவர் அரசறிவியல்காரர் இல்லை, இருந்தாலும் இந்தப் பதிலுக்குள் அவரைக் கொண்டுவராமல் விட எனக்கு மனமில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறைக்குத் தலைவராக இருந்துகொண்டே 1964ல் டில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தைத் தொடங்க முன்நின்றார். 1966ல் கோலாலம்பூர், 1968ல் சென்னை, 1970ல் பாரிஸ், 1974ல் எங்கள் யாழ்ப்பாணம் என்று மாநாடுகள். அந்த யாழ்ப்பாண மாநாட்டின் கடைசி நாள் பொலிஸ் கூட்டத்துக்குள் புகுந்து உயிர்கள் போனதை உங்கள் வயதுக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை. உலகத்திலிருந்து அறிஞர்களை இந்த முற்றத்துக்கு வரவழைக்கலாம் என்று அந்த மனிதர் காட்டினார் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் துறைக்கும் ஒரு ஐரோப்பியப் பல்கலைக்கழகத்துக்கும் புரிந்துணர்வு உடன்படிக்கை கைச்சாத்தாகி ஒன்றரை வருடம். பேப்பரில் படமும் வந்தது. அதற்குப் பிறகு ஒரு அசைவும் இல்லை. எங்கே தொடங்குவது?
– தகுதிகாண் விரிவுரையாளர், கோப்பாய்

குத்துவிளக்கு, பூமாலை, பின்னுக்குப் பதாகை, முன் வரிசையில் கையெழுத்துப் போட்ட இரண்டு பேரும் கைகுலுக்கியபடி கமராவைப் பார்ப்பது. சரிதானே? அந்தப் படத்தில் நானும் பல தடவை நின்றிருக்கிறேன் தம்பி. கையெழுத்துப் போட்டவர்களுக்கு அடுத்த நாள் அது ஞாபகமிருக்காது. அவர்களில் பிழை இல்லை, அவர்களுக்கு அது அன்றைய மூன்றாவது வைபவம். இப்படியான உடன்படிக்கை பெரும்பாலும் ஐந்து வருடத்துக்குத்தான் போடுவார்கள், உங்களுடையதில் ஒன்றரை போய்விட்டது.

முதல் வேலையாக அந்தப் பக்கத்தில் பேராசிரியரைத் தேட வேண்டாம். பரீட்சைப் பெறுபேறுகளைக் கணினியில் ஏற்றுகிற உத்தியோகத்தர் யார் என்று தேடுங்கள். சிரிக்க வேண்டாம், காரணம் சொல்கிறேன்.

நான் முதன்முதல் அனுப்பிய பிள்ளை ஒரு கமக்காரர் வீட்டுப் பெண். ஒரு அரையாண்டு கடல் தாண்டிப் போய் நாலு பாடம் படித்து, நாலிலும் நல்ல புள்ளி எடுத்துக்கொண்டு திரும்பி வந்தது. எங்கள் பதிவாளர் அலுவலகம் இந்தப் பாடங்களுக்கு எங்களிடம் குறியீட்டு இலக்கம் இல்லை, ஆகவே ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டது. குறியீடு கொடுப்பது பீடம், பீடம் கேட்டது பாடத்திட்டம், பாடத்திட்டத்தை அனுப்ப வேண்டிய அந்தப் பக்கத்து ஆள் பிரசவ விடுமுறையில். அந்தப் பிள்ளை தன் வகுப்பாரோடு பட்டமளிப்பில் ஏறவில்லை, அடுத்த வருடம்தான் ஏறியது. நான் அதற்காக எழுதிய கடிதங்களின் காபன் பிரதிகள் இன்றைக்கும் ஒரு பிஸ்கற் ரின்னில் கிடக்கின்றன, மூடி துருப்பிடித்துவிட்டது, ஆனால் எறிய மனம் வரவில்லை. என்னை நம்பிப் போன பிள்ளை அது.

இது எனக்கு மட்டும் நடந்த கதை இல்லை. சோபியா கொராடி என்ற இத்தாலியப் பெண், நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டத்தில் முதுமாணி முடித்துக்கொண்டு 1958ல் ரோமுக்குத் திரும்பி, தன் பல்கலைக்கழகத்தில் அந்தப் படிப்பைக் கணக்கெடுக்கச் சொல்லிக் கேட்டபோது, எல்லார் முன்னிலையிலும் ஏசித் திருப்பி அனுப்பினார்கள். அந்த அவமானத்தை அவர் விடவில்லை. 1969 தொடக்கம் பதினெட்டு வருடம் விடாமல் அலைந்தார். 1987ல் ஐரோப்பாவில் எராஸ்மஸ் என்ற மாணவர் பரிமாற்றத் திட்டம் தொடங்கியது, முதல் வருடம் 11 நாடுகள், 3,244 மாணவர்கள். 'மம்மா எராஸ்மஸ்' என்றுதான் அவரைக் கூப்பிடுவார்கள். ஒரு பெறுபேற்றுத் தாளில் தொடங்கிய சண்டை.

சரி, இனி உங்கள் காரியம். ஒரு கணக்கை மனப்பாடம் செய்து வையுங்கள். இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் ஒரு கிரெடிற் என்பது 50 மணித்தியாலப் படிப்பு, வகுப்பும் வாசிப்பும் ஒப்படையும் எல்லாம் சேர்த்து. வருடத்துக்கு 30 கிரெடிற், ஆகவே 1,500 மணித்தியாலம். ஐரோப்பாவில் வருடத்துக்கு 60, ஒன்றுக்கு 25 தொடக்கம் 30 மணித்தியாலம், குறைந்தபட்சக் கணக்கில் அதுவும் 1,500. அப்போது எங்கள் ஒன்று அவர்களுடைய இரண்டுக்குச் சமம். இதை எழுதி வைக்காவிட்டால் என்ன நடக்கும் தெரியுமா? உங்கள் 3 கிரெடிற் பாடத்தை அங்கே ஒருவர் பார்த்து, எங்களிடம் இது ஆறல்லவா, பாதிப் பாடம்தான் படித்திருக்கிறது என்று பாதியை வெட்டிவிடுவார். அவர் கெட்டவர் இல்லை, அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. பிள்ளை விமானம் ஏறும் முன்னரே எந்தப் பாடத்துக்கு எந்தப் பாடம், எத்தனைக்கு எத்தனை என்று ஒரு தாளில் எழுதி, இரண்டு பக்கத்தாரும் பிள்ளையும் கையெழுத்து வைக்க வேண்டும். உடன்படிக்கையை விட எனக்கு இந்தத் தாள்தான் பெரிசு.

அடுத்தது காசு. பரிமாற்றம் என்றால் அவரவர் தன் வீட்டில் கட்டணம் கட்டிவிட்டு மற்ற வீட்டில் இலவசமாகப் படிப்பது. எங்கள் பிள்ளைகளுக்கு இங்கே படிப்பு இலவசம். அங்கே கட்டணம் இருக்கிற இடமானால், நாங்கள் ஐந்து பேரை அனுப்பி அவர்கள் ஒருவரையும் அனுப்பாவிட்டால் அந்தப் பக்கத்து நிதிப்பிரிவு மூன்றாம் வருடம் கணக்கை எடுத்துப் பார்த்துக் கதவைச் சாத்தும். எராஸ்மஸ் பிளஸ் போன்ற திட்டத்தில் பயணச் செலவும் மாதச் செலவும் கிடைத்தால் நல்லது, ஆனால் அதை நம்பியே இருக்கக்கூடாது. அவர்களை இங்கே வரப்பண்ண வேண்டும். ஒரு அரையாண்டுக்கு ஒருவரும் வரமாட்டோம் என்றால் ஆறு கிழமைக்கு மூன்று பேர் வரட்டும், அதை ஒரு ஆளாக எண்ணுவோம் என்று எழுதிக்கொள்ளுங்கள். நான் அப்படிச் செய்திருக்கிறேன், ஒத்துக்கொள்வார்கள்.

கால அட்டவணை பற்றி நான் என்ன சொல்ல? கொவிட், எரிபொருள் தட்டுப்பாடு, வேலைநிறுத்தம் என்று எங்கள் வருடம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எங்களுக்கே தெரியாமல் போன காலம் உண்டு. அங்கே செப்ரெம்பர் என்றால் செப்ரெம்பர்தான். முடிந்தால் ஆறு கிழமை, எட்டுக் கிழமைப் பாடம் ஒன்றைச் செய்து பாருங்கள், அரையாண்டைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பௌதிகவியல் துறையினர் நோர்வேயில் பேர்கன்காரரோடு சூரிய சக்தி ஆராய்ச்சியில் கூட்டாக வேலை செய்திருக்கிறார்கள், பட்டமேற்படிப்பு மாணவரும் போய் வந்திருக்கிறார்கள். கலைப்பீடத்துக்காரர் ஒருநாள் அங்கே போய் ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு எப்படி நடக்கிறது என்று கேட்டால் குறைந்தா போய்விடுவோம்?

மகன் இங்கே பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம். ஒரு தவணை யாழ்ப்பாணத்தில் வந்து படிக்க வேண்டும் என்கிறான். நாங்கள் விட்டுவிட்டு வந்த இடம், எனக்குப் பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், ஸ்காபரோ, கனடா

வரவிடுங்கள் தங்கச்சி. பயத்துக்கு மருந்து என்னிடம் இல்லை, ஆனால் நடைமுறைக்கு இருக்கிறது. சுற்றுலா விசாவில் வந்து வகுப்பில் இருக்கக்கூடாது, படிப்புக்கென்று வதிவிட விசா எடுக்க வேண்டும், அல்லது இரட்டைக் குடியுரிமை இருக்க வேண்டும். அவனுடைய பல்கலைக்கழகம் எந்தப் பாடத்தைக் கணக்கெடுக்கும் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு வரட்டும், வாய்ப்பேச்சு காணாது. மருத்துவக் காப்புறுதி கட்டாயம்.

நான் ஒருமுறை ஆறு மாணவரை இங்கே கூட்டிக்கொண்டு வந்து திருநெல்வேலியில் ஒரு வீட்டில் போடிங் விட்டேன். அதில் ஒருவன் ஆறடிக்கு மேல், கோதுமைப் பண்ணையில் வளர்ந்தவன். முதல் நாள் விடிய கிணற்றடியில் துவாயோடு நின்று ஷவர் எங்கே என்று கேட்டான். வீட்டுக்கார அம்மா வாளியைக் காட்டினா. அவன் கயிற்றை முழுக்க விட்டுவிட்டு வாளியையும் கிணற்றுக்குள் விட்டான். பிறகு பாதாளக்கரண்டி இரவல் வாங்க அந்த ஒழுங்கையில் ஐந்து வீடு ஏறி இறங்கினோம், அதில் அவனுக்கு அயல் முழுக்கப் பழக்கமாகிவிட்டது. கடைசிக் கிழமை அவன் எழுதிய கட்டுரை நிலத்தடி நீரைப் பங்கிடுவதன் அரசியலைப் பற்றி. நல்ல கட்டுரை. வாளி விழாவிட்டால் அதை எழுதியிருக்க மாட்டான் என்பது என் அபிப்பிராயம்.

உங்கள் மகனுக்கு வேறு ஒரு கஷ்டம் வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்காரப் பையனுக்கு இரண்டு சொல் தமிழ் வந்தாலே கைதட்டுவார்கள். உங்கள் பிள்ளை பத்துச் சொல் பிழைவிட்டால் தாய் தகப்பன் தமிழ் பழக்கவில்லையா என்று கேட்பார்கள். இப்போதே சொல்லி அனுப்புங்கள்.

ஒரு நிறுவனம் 'இரட்டைப் பட்டம், சர்வதேச அங்கீகாரம்' என்று மகளுக்கு முற்பணம் கட்டச் சொல்கிறது. கட்டலாமா?
– ஒரு தகப்பன், நல்லூர்

பொறுங்கள். கூட்டுப் பட்டம் என்றால் இரண்டு பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு சான்றிதழ் தருவது. இரட்டைப் பட்டம் என்றால் ஆளுக்கொரு சான்றிதழ். இரண்டிலும் இரண்டு பக்கமும் உண்மையான பல்கலைக்கழகமாக இருக்க வேண்டும். ஒன்று மாடி வீட்டில் மூன்று அறையாக இருந்தால் அது வேறு சாமான். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் பொதுநலவாயப் பல்கலைக்கழகங்களின் பட்டியலிலோ உலகப் பல்கலைக்கழகங்களின் சர்வதேசப் பட்டியலிலோ இருக்கிறதா என்று பார்க்கும். முற்பணத்துக்கு முதல் ஆணைக்குழுவுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அவசரம், இன்றைக்கே கட்டினால்தான் கழிவு என்றால், நல்லூர்த் திருவிழாக் கடையில் வாங்குவது போல விலை பேசுகிறார்கள் என்று அர்த்தம்.

போனவர்கள் திரும்பி வருவதில்லையே. நீங்கள் செய்ததெல்லாம் ஊரை வெறுமையாக்கும் வேலைதானே?
– வங்கி உத்தியோகத்தர், சாவகச்சேரி

கேள்வி நேராக வந்தது, பதிலும் நேராக. ஓம், ஒரு பங்கு அப்படித்தான். நானே படிப்பு முடிந்ததும் வருகிறேன் என்று அம்மாவுக்குச் சொல்லிப் போனவள், வந்து சேர்ந்தபோது அம்மா படத்தில் இருந்தா. பேராதனையில் அரசறிவியல் துறையைக் கட்டிய ஏ. ஜே. வில்சன் 1972ல் கனடாவின் நியூ பிரன்ஸ்விக் பல்கலைக்கழகத்துக்குப் போனார், அங்கேயே ஓய்வுபெற்று 2000ல் ரொறன்ரோவில் காலமானார். இலங்கையின் அரசியலைப் பற்றிக் கடைசிவரை அங்கிருந்துதான் எழுதினார்.

நிற்பாட்டலாம் என்று அரசாங்கங்கள் பார்க்கின்றன. இங்கே பிணைமுறி, அதாவது திரும்பி வராவிட்டால் காசு கட்டுவேன் என்று போடும் கையெழுத்து; அமெரிக்காவில் சில பரிமாற்ற விசாக்களுக்கு ஊர் திரும்பி இரண்டு வருடம் இருந்தாக வேண்டும் என்ற சட்டம். பிணைமுறிக் காசைக் கட்டிவிட்டுப் போனவர்களை உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என் அனுபவத்தில் முழுப் பட்டத்துக்குப் போகிற பிள்ளை அங்கே வேர்விடும். ஒரு அரையாண்டுக்குப் போகிற பிள்ளைக்கு இங்கே முடிக்க வேண்டிய பட்டம் பாதியில் நிற்கும், ஆகவே அது வந்துதான் ஆக வேண்டும். அதனால்தான் குறுகிய திட்டங்களுக்காக இவ்வளவு தொண்டைத்தண்ணி வற்றக் கத்துகிறேன்.

அன்ரி, இவ்வளவு நாடு சுற்றியும் கலியாணம் செய்யவில்லையாமே?
– பெயர் எழுதாத வாசகர், மானிப்பாய்

கையெழுத்துப் போட்ட பிறகு யார் வேலை செய்வது என்ற கேள்விக்கு ஒருவரும் திருப்தியாகப் பதில் சொல்லவில்லை.

வெளிநாட்டு மாணவருக்கு நீங்கள் முதலில் சொல்லிக்கொடுத்த தமிழ்ச் சொல் எது?
– பல்கலைக்கழக மாணவன், உரும்பிராய்

'காணும்.' அந்த ஆறு பேரும் புத்தகத்தில் 'போதும்' என்று படித்துவிட்டு வந்தவர்கள். போடிங் அம்மாவுக்கு அது விளங்காமல் இல்லை, ஆனால் வெள்ளைக்காரப் பிள்ளைகள் கூச்சத்தில் சொல்கிறார்கள் என்று நினைத்து இன்னும் ஒரு குழல் புட்டைத் தள்ளிக்கொண்டே இருந்தா. மூன்றாம் நாள் அந்தக் கோதுமைப் பண்ணைக்காரன் கோப்பைக்கு மேலே கையை விரித்துப் பிடித்து, "காணும் அம்மா, காணும்" என்றான். அம்மா அகப்பையைக் கீழே வைத்துவிட்டு, இவன் எங்கட பிள்ளையாகிவிட்டான் என்று சந்தோஷத்தில் ஒரு முட்டை பொரிக்கப் போனா.